நான் சொல்லாமல் விட்ட சான்று

அன்புள்ள அண்ணாச்சி,

பேத்தியின் இருமலுக்கு மருந்து வாங்க, இன்று மாலை அஸர் தொழுகை முடிந்த கையோடு நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் அதிமதுரத்தை இடித்துத் தாளில் கொட்டினார். அந்த வாடை எழுந்ததும் கடை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிறுதோறும் வகுப்பில் என் பக்கத்து இருக்கையிலிருந்து வந்த வாடை அது. கன்னத்தில் அதிமதுரத் துண்டை ஒதுக்கிக்கொண்டுதான் நீங்கள் பாடம் கேட்பீர்கள். வெறும் தொண்டைக் கட்டு என்றே நாம் இருவரும் நினைத்திருந்தோம்.

அறுபதைக் கடந்தபின் அஞ்சல் வழியில் தமிழ் முதுகலை படிக்க வந்தவர்கள் அந்த வகுப்பில் நாம் இருவர்தாம். மணியாச்சி ரயில் சந்திப்பில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நீங்கள். ஜவுளிக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்த நான். ஆடு மேய்த்த வயதில், கரிசலின் மறுகோடியில் நிற்கும் கிடாயையும் திரும்ப வைத்த குரல் என்று உங்கள் குரலைப் பற்றி நீங்களே பெருமை பேசுவீர்கள்.

பேராசிரியை வகுப்பிலேயே ஒரு சொற்போர் வைத்தார். அணிக்கு மூவர், மதிப்பெண்ணும் உண்டு. வாய்மை பெரிதா, இரக்கம் பெரிதா என்பது பொருள். சீட்டுக் குலுக்கியதில் வாய்மை எனக்கும் இரக்கம் உங்களுக்கும் வந்தன. எதிரணி என்றாலும் பேருந்து நிலையத்தில் என் குறிப்புகளை உங்களுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிச் சான்று இது: நோயை நோயாளியிடம் மறைக்கும் இரக்கம், எஞ்சிய நாள்களைத் தானே வகுத்துக்கொள்ளும் அவன் உரிமையைத் திருடுகிறது.

"இதுக்குப் பதில் கண்டுபிடிக்காம விடப்போறதில்ல பாய்" என்றீர்கள்.

அடுத்த வெள்ளியன்று ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தபோது என் வீட்டு வாசலில் நின்றிருந்தீர்கள். தொண்டையில் புற்று. உங்கள் மகன் ஒரு மாதமாகத் தெரிந்தே மறைத்திருக்கிறான். திங்களன்று மதுரையில் குரல்வளையை எடுத்துவிடுவார்கள்.

"வகுப்புல யாருக்கும் சொல்லிராதேயும். இந்தக் கொரலுக்கு ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் மிச்சம். வீட்டுல அத்தன பேரும் பாவம் பாக்குதாவ. நீராவது பாக்காம முழுசா மோதணும். விட்டுக்குடுத்தீரு, அப்புறம் ஒம்ம மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"மோதுதேன் அண்ணாச்சி" என்று வாக்களித்தேன்.

ஞாயிறன்று என் அணியின் நிறைவுரை என்னுடையது. எனக்குப் பின் நீங்கள். செய்யுளும் உரையுமாக மூன்று சான்றுகளை அடுக்கினேன். நான்காவதற்கு வாய் திறந்தபோது, எதிர் பெஞ்சில் நீங்கள் கழுத்துத் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டீர்கள். குறிப்புத் தாளை மடித்தேன்.

"ஐயா, கடைசிப் பாயிண்ட்டு! அதச் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள் என் அணியிலிருந்த நூற்பாலைப் பெண். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. "நிறைவு செய்கிறேன்" என்று உட்கார்ந்தேன்.

"இப்பிடிக் கவுத்திட்டீங்களே ஐயா!" என்றாள்.

நீங்கள் எழுந்தீர்கள். அவையை வணங்கவில்லை, என்னையே பார்த்தீர்கள்.

"பாய் ஒரு சான்ற விட்டுட்டாரு. அவருக்காவ நானே சொல்லுதேன்" என்று, கரகரத்த குரலில் என் வாசகத்தைச் சொல் பிசகாமல் ஒப்பித்தீர்கள்.

"ஐயா, நீங்க எந்தக் கட்சி?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, வகுப்பே சிரித்தது.

"எனக்கு வந்திருக்குது அந்த நோயி" என்றீர்கள். சிரிப்பு அறுந்தது. "எம் மவன் ஒரு மாசம் மறச்சான். திருடுனாம்னே வச்சுக்கிடுவோம். அந்த மாசம் பூரா நான் வயிறாரச் சாப்பிட்டேன், நல்லா ஒறங்குனேன். அவன் சாப்பிடல, ஒறங்கல. எஞ் சொமையத் திருடி அவனே சொமந்திருக்கான். இத எரக்கம்னு சொல்லாம வேற என்னன்னு சொல்லுவிய?"

நீங்கள் அமர்ந்தீர்கள். பேராசிரியை தாழ்ந்த குரலில் உங்கள் அணியே வென்றது என்றார்.

பேருந்து நிலையத்தில் என்னை மடக்கினீர்கள். "சண்டைக்கு ரெண்டு பேரு வேணும் பாய். என்னையவே ரெண்டு பேராவும் நிக்க வச்சிட்டீரே, ஏன்?"

"மறந்துட்டேன் அண்ணாச்சி."

நூற்றுக்கணக்கான செய்யுள்களை உரையோடு ஒப்பிப்பவன் நான் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? மணியாச்சிப் பேருந்து வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினீர்கள்.

"சரி, மறந்ததாவே இருக்கட்டும்."

உங்கள் குரலில் நான் கேட்ட கடைசிச் சொல் அதுவே.

அதன்பின் நீங்கள் கண்மூடும் வரை, ஈராண்டு காலம் நோட்டில் எழுதி எழுதிப் பேசினீர்கள். உரையாசிரியர்களோடு சண்டையிட்டீர்கள், என் கையெழுத்தைக் கேலி செய்தீர்கள். முகத்தில் விழிக்க மாட்டேன் என்றவர் வாரம் தவறாமல் என் வாசலுக்கு வந்தீர்கள். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி எழுதவே இல்லை.

சாட்சியத்தை மறைப்பது குறித்து என் மறை விடுக்கும் எச்சரிக்கையைச் சிறுவயது முதல் ஓதி வருகிறேன். அன்று இருமுறை மறைத்தேன்: வகுப்பில் சான்றை, பேருந்து நிலையத்தில் காரணத்தை. முன்னதை நீங்களே எடுத்துரைத்து என்னை மீட்டீர்கள். பின்னதோடுதான் ஐவேளையும் இறைவன் முன் நிற்கிறேன்.

நான் மறக்கவில்லை அண்ணாச்சி. உங்களைப் பாவம் பார்த்தேன்.