ஆளுக்குப் பாதி எண்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயாவது வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இரு. போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், இந்த இரண்டு அறை வீட்டில் அப்பா காதில் விழாமல் பேச இடமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

படகு மூன்று வாரமாகக் கடலுக்குப் போகவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். போன வருடம் துறைமுக வாயிலில் படகு மணல்மேட்டில் ஏறி நின்றது நினைவிருக்கும். ஜி.பி.எஸ். கருவியோடு சேர்ந்து வந்த படத்தில் அந்த இடம் நல்ல ஆழம் என்று இருந்தது. அந்தப் படத்தில் கரையின் கோடும் கலங்கரை விளக்கமும் அங்கங்கே நாலு எண்ணும்தான், மற்றதெல்லாம் வெறும் நீலம். அதைக் கேட்டுப் பதறித்தான் நீ தனியாக ஒரு வரைபட அட்டை வாங்கி அனுப்பினாய். விரல் நகம் அளவு அட்டை, அதைச் செருகியதும் கடலின் அடி முழுக்க ரேகை ரேகையாக வந்தது. "அண்ணி, உங்க பொண்ணு கடலுக்கே எக்ஸ்ரே எடுத்து அனுப்பியிருக்கா" என்று சித்தப்பா துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த அட்டையிலும் அவர்களுடைய பார் இல்லை, அதில் இருவருக்கும் பரம சந்தோஷம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர்களே தேடிப் பிடித்த கடலடிப் பாறைத்திட்டு அது, சுற்றிலும் நாற்பது மீட்டர் ஆழம், நடுவில் பதினெட்டு, படத்திலோ வெறும் சமதரை. அந்த இடத்தை அவர்கள் கருவியில் ஒருநாளும் குறித்து வைத்ததில்லை. அகலாங்கின் எண் அப்பா மனதில், நெட்டாங்கின் எண் சித்தப்பா மனதில், ஆளுக்குப் பாதி. நான் இல்லேன்னா அண்ணன் ஒரே கோட்டுல உலகத்தைச் சுத்திட்டு வீட்டுக்கே வந்து சேருவார் என்று சித்தப்பா கேலி செய்வார், அப்பாவும் சிரிப்பார். மற்ற படகுகள் கண்ணிலிருந்து மறையும்வரை வேறு திசையில் போய், பிறகுதான் திரும்புவார்கள். வெளியாள் படகில் ஏறினால் திரைமேல் துண்டைப் போட்டு மூடுவார்கள்.

ஆறு மாதத்துக்கு முன் நீ போனில் சொல்லச் சொல்ல அட்டையை லேப்டாப்பில் போட்டுப் புதுப் படம் ஏற்றினேனே, நடுவில் ஒரு கேள்வி வந்தது, படகு பதிவு செய்த ஆழ அளவுகளைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா என்று. உன்னைக் கேட்டேன். சரின்னு போடும்மா, அப்பதான் அடுத்தது போகும் என்றாய். போட்டேன். இடத்தைக் குறிக்கவில்லை, அதனால் பயமில்லை என்று அவர்கள் இருந்தார்கள். படகு போன வழியெல்லாம் கீழே இருந்த ஆழத்தைக் கருவி தானாகவே அட்டையில் எழுதிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. திட்டைச் சுற்றிச் சுற்றி வந்த ஒவ்வொரு நாளும் அதில் இருந்திருக்கிறது. இந்தப் பருவத்துப் படம் வந்ததும் அந்தச் சமதரையில் வளையம் வளையமாகக் கோடுகள், எல்லோர் படகிலும். ஒரே நாளில் பாரின் மேல் பதினொரு படகு நின்றதாம். இரண்டு வாரத்தில் அங்கே தூண்டிலில் சிக்க ஒரு மீனும் மிச்சமில்லை.

ஐஸ் ஆலைக்காரர் சிரித்துக்கொண்டே, ரெண்டு பேர்ல யாருப்பா வாயை விட்டது என்று கேட்டிருக்கிறார். அதுதான் ஆரம்பம். சித்தப்பா அப்பாவைக் கேட்டார், நான் சொல்லலை என்றார் அப்பா. "நானும் சொல்லல. அப்ப கடலே கரையேறி வந்து சொல்லிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். அடுத்த வாரம் எனக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் அளவுகள் புதிய படத்தில் சேர்க்கப்பட்டன, நன்றி என்று இருந்தது. படித்ததும்தான் அன்று சம்மதம் கேட்டது நினைவுக்கு வந்தது. அன்றே அப்பாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், அவர் நம்பவேயில்லை. உங்களுக்கு டிவி ரிமோட்டே பிடிபடாது அண்ணி, அண்ணனுக்காகப் பொய் சொல்லாதீங்க என்றார். மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கண்ணெதிரே அட்டையைப் போட்டு ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். அதே கேள்வி வந்தது. இந்த முறை சம்மதமில்லை என்று அழுத்தினேன், இனி அழுத்தி என்ன. அந்த மெயிலையும் காட்டினேன். அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "அப்ப அண்ணன் சொல்லலையா" என்றார், என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

என்னோடு கூடவே நம் வீட்டுக்கு வந்தார். அப்பா தூண்டில் முட்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். தெரியாம பேசிட்டேண்ணே என்று சித்தப்பா வாசலில் நின்றபடியே சொன்னார். அப்பா தலையைத் தூக்கவில்லை. "நீ கேட்ட அன்னைக்கே சொன்னேன்ல" என்றார், அவ்வளவுதான். சித்தப்பா உள்ளே வந்தார். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து ஒரு சீட்டில் தன் பாதி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வேறொருவர் படகில் ஏறிவிட்டார். எல்லோருக்கும் தெரிந்துபோன எண்தான், ஆனாலும் இத்தனை வருடத்தில் அதை நான் எழுத்தில் பார்த்தது இப்போதுதான். அப்பா அந்தச் சீட்டைத் தொடவும் இல்லை, எறியவும் இல்லை. மேஜையைத் துடைக்கும்போது நான் எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைக்கிறேன்.

சரியென்று போடச் சொன்னது நீ என்று யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. இந்த வீட்டுக்கு ஒரு குற்றவாளி போதும். நீ நல்லது நினைத்துத்தான் அனுப்பினாய், அதை மனதில் போட்டுக் குமையாதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே அழைப்பில் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் பேசுவாயே, இனிமேல் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்.

உன்
அம்மா