வெறுங்கயிறு வந்த பக்கம்

மல்லசமுத்திரம்
புதன்கிழமை, சாயங்காலம்

அன்புள்ள நிலா அப்பாவுக்கு,

தனப்பிரியா எழுதிக்கொள்வது. நான் இருக்கறேன். நீங்க எப்படி இருக்கறீங்கன்னு தெரியாமத்தான் இந்தக் கடுதாசி. கல்யாணமாகிப் பதினோரு வருசத்துல உங்களுக்கு நான் எழுதற மொதல் கடுதாசி இதுதானுங்க. போன்ல பேசியே பழகினவளுக்கு எழுத்து கோணலா வருது, பொறுத்துக்கோங்க.

நீங்க கடைசியாப் பேசி இன்னைக்குப் பன்னெண்டு நாளாச்சு. சத்தீஸ்கர் காட்டுக்குள்ள போயிட்டா டவர் இருக்காதுன்னு சொல்லிட்டுத்தான் போனீங்க, ஒத்துக்கறேன். ஆனா திங்கக்கிழமை மனசு கேக்காம உங்க போர்வெல் ரிக் ஆபீசுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஏதோ ஒரு போர் வண்டி சாஞ்சுருச்சாம், அது நம்ம வண்டி இல்லீங்கன்னு மேனேஜர் சொன்னார். நான் அதைக் கேக்கவே இல்லீங்க! கேக்காத கேள்விக்கு எதுக்கு அவர் பதில் சொல்லோணும்? அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது.

நாளைக்குக் காத்தால பூமியைத் தொளைக்கற பிட்டும், அதை உள்ள எறக்கற ராடும் ஏத்திக்கிட்டு உங்க வண்டி நிக்கற எடத்துக்கு தங்கமுத்து அண்ணன் லாரி கெளம்புதாம். இதை அவர்கிட்டத்தான் குடுத்து விடறேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். திட்டறதா இருந்தா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க. தப்பு என்னோடதுதான்.

பள்ளிக்கூட லைப்ரரியில மாயாஜாலப் படக்கதைக்குன்னு தனி அலமாரி வெச்சேனே, ஞாபகமிருக்குதுங்களா? கட்டம் கட்டமாப் படம் போட்டதையெல்லாம் புத்தகம்னு சொல்லுவாங்களான்னு கிண்டல் பண்ணுனீங்க. அந்த அலமாரிக்கு இப்பக் கூட்டம் தாங்கலை. புதுசா வர்றவங்களுக்கு எதை எடுத்துக் குடுக்கறதுங்கறதுல நான் கெட்டிக்காரின்னு பேரு. ஒண்ணாப்புப் பொடுசுகளுக்கு எழுத்தே இல்லாத புத்தகம். படத்தைப் பாத்து அதுகளே கதை கட்டிக்கும். நாலாப்பு அஞ்சாப்புக்குப் பூதமும் வரலாம், பறக்கற குதிரையும் வரலாம், ஆனா கடைசிப் பக்கத்துக்குள்ள எல்லாரும் ஊடு வந்து சேந்தரோணும். யுத்தம், துரோகம், சாவெல்லாம் ஒம்பதாப்புக்கு மேல. பெரியவங்க படம் பாக்கறதுக்கே வெக்கப்படுவாங்க, அவங்களுக்கு ஒரே புத்தகத்துல முடியறதா ஒண்ணு. யாரா இருந்தாலும் மொதல்ல முடிஞ்ச கதையைத்தான் குடுக்கோணும். இதையெல்லாம் எழுதி அலமாரியில ஒட்டி வெச்சவளே நான்தான்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில விழுந்த கதையாச்சு. நிலா நாலாப்புதான், ஆனா வாசிக்கறதுல ஏழாப்புப் பசங்களை ஓரங்கட்டிருவா. அந்தப் பெருமையில பெரிய பசங்க புத்தகம் ஒண்ணை அவ கையில குடுத்துட்டேன். பாதாள ராஜ்ஜியத்துக்குக் கிணறு தோண்டற ஒரு அப்பன், மேல நின்னு கயிறு புடிக்கற மகள். கடைசிப் பக்கத்துல மகள் இழுக்கறா, இழுக்கறா, வெறுங்கயிறுதான் வருது. அதோட மொதல் பாகம் முடிஞ்சுது. ரெண்டாம் பாகம் இன்னும் அச்சாகவே இல்லை, தையிலதான் வருமாம். நான் அதை முழுசாப் படிக்காமக் குடுத்தேனுங்க. என்னைச் செருப்பால அடிக்கோணும்.

நீங்க கடைசியாப் பேசுன மறுநாள் அவ அதைப் படிச்சு முடிச்சா. உங்க போன் வராம ரெண்டு நாள் பாத்தா. அதுக்கப்புறம் நம்ம ஊட்டு போர்த் தண்ணியை வாயில வெக்க மாட்டீங்கறா. அந்தத் தண்ணி பூமிக்கடியில அப்பா போன எடத்துலருந்து வருதாம். அப்பா வண்டி மேலதான் நிப்பாரு சாமி, குழிக்குள்ள எறங்க மாட்டாருன்னு நூறு தடவை சொல்லிட்டேன். தெரியும்ங்கறா. தெரிஞ்சும் குடிக்க மாட்டீங்கறா. கேன் தண்ணி வாங்கி வெச்சா, இது மட்டும் எங்கிருந்து வருதுன்னு கேக்கறா. சோறும் அதே தண்ணியிலதான் வேகுதுன்னு சனிக்கிழமை கண்டுபுடிச்சுட்டா. அதுலருந்து இளநியும் பாலும்தான், அதுவும் ரெண்டு மொடக்கு. பிடிவாதம் அப்படியே உங்களது.

பொய்யும் சொல்லிப் பாத்தேன். நீ டியூசன் போயிருந்தப்ப அப்பா பேசுனாருன்னேன். எத்தனை ராடு உள்ள போயிருக்குதுன்னு சொன்னாருன்னு கேட்டா. தெனம் ராடு கணக்கை அவகிட்ட ஒப்பிக்கறீங்கன்னு எனக்கென்னங்க தெரியும்? கடைசியாப் பேசுனப்பப் பதினஞ்சுன்னு சொன்னீங்களாம். உள்ள போன அத்தனை ராடும் எண்ணி மேல வந்தாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிக் குடுத்திருக்கறீங்களாம்.

நேத்துக் காத்தால பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. பயந்துறாதீங்க, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. இப்படியே விட்டாப் படுக்கையில சேக்கோணும்னு டாக்டர் கண்டிச்சுச் சொன்னார்.

மத்தியானம் அவளை ஊட்டுல படுக்க வெச்சுட்டு, அந்தப் பாழாப்போன புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கப் போனவ, லைப்ரரியிலயே உக்காந்து அழுதுட்டேன். அப்பத் தரை கூட்ட வந்தாங்க ஆயாம்மா செல்லாயி அக்கா. அவங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒண்ணாப்புப் புத்தகத்துல ஆரம்பிச்சு, இப்பப் பாதி அலமாரியைப் படம் பாத்தே முடிச்சிருக்கறாங்க. வெளக்கமாத்தை வெச்சுட்டு அந்தக் கடைசிப் பக்கத்தையே உத்து உத்துப் பாத்தாங்க. கெணத்துல தண்ணி எறைச்ச காலத்துல எத்தனையோ கயிறு அறுந்து பாத்திருக்கறாங்களாம். அறுந்தா நுனி பிரிபிரியா நிக்குமாம். இது நுனி பிரியாம, முடிச்சுப் போட்டிருந்த எடத்துச் சுருக்கத்தோட முழுசா இருக்குதாம். இது அறுந்த கயிறில்லை, கால் ஊன எடம் கெடைச்சு அவனே அவுத்து விட்ட கயிறுன்னாங்க. எழுத்தை மூணு தடவை படிச்ச எனக்கு அந்தச் சுருக்கம் கண்ணுலயே படலைங்க!

ஓடியாந்து நிலாகிட்டக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தா. அது அந்த அப்பா, எங்கப்பா சொல்லட்டும்னுட்டா. அப்புறம் எந்திரிச்சு டிராயிங் நோட்டை எடுத்து ரெண்டாம் பாகத்தை அவளே வரைய ஆரம்பிச்சுட்டா. ஒரே பக்கம், ஆறு கட்டம். இதுகூடவே மடிச்சு வெச்சிருக்கறேன். போர் வண்டிக்குப் பக்கத்துல நிக்கறது நீங்கதான், காதைப் பாத்தாலே தெரியும். ராடு ஒண்ணொண்ணா மேல வருது, நம்பர் போட்டிருக்கறா. அஞ்சு கட்டத்துல பதினாலு வந்துருச்சு. ஆறாவது கட்டம் காலியாக் கெடக்குது. அதை அப்பாதான் நெரப்போணுமாம்.

தங்கமுத்து அண்ணன் போயிட்டுத் திரும்ப ஆறு நாளாகும். அதுவரைக்கும் தெனம் மூணு டம்ளர் தண்ணி குடிக்கறேன்னு ஒத்துக்கிட்டா. மொதல் டம்ளரை என் கண்ணு முன்னாடியே, மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சா. ஏழாம் நாள் அந்த டிராயிங் தாள் திரும்பி வரலைன்னா அதுவும் கெடையாதாம். அண்ணனுக்கும் வழியில படிக்க ஒரு படக்கதை குடுத்திருக்கறேன், ஒரே புத்தகத்துல முடியறதுதான். அதுக்குள்ளதான் இந்தக் கடுதாசியை வெச்சு விடறேன், நிலா படத்தையும் அதுக்குள்ளயே வெச்சுத் திருப்பி அனுப்புங்க.

வரையத் தெரியாதுன்னு சொல்லிறாதீங்க. படமெல்லாம் வேண்டாம். கிரீஸ் கையைத் தொடைக்காம, வலது கட்டைவெரலை அந்தக் காலிக் கட்டத்துல ஒரு அமுத்து அமுத்துங்க, போதும். பிட்டு பட்டு ரெண்டாப் பொளந்து ஆறுன தழும்பு அதுல விழுகும். அவ அதை நல்லா அடையாளம் கண்டுக்குவா. பக்கத்துல நிக்கறவங்க யாரும் இரக்கப்பட்டு அவங்க வெரலை வெச்சு அனுப்பிற வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கும் அந்தத் தழும்பு தெரியும்.

அர்த்தநாரீஸ்வரர் உங்களைக் கண்ணுக்குக் கண்ணா வெச்சிருக்கோணும்.

மேல நின்னு கயிறை விடாமப் புடிச்சுக்கிட்டிருக்கற,
தனப்பிரியா