அண்ணனின் சைக்கிள் யாருக்கு?

மார்ச் 4, செவ்வாய்
பதிப்பாசிரியர் என் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார். ‘அண்ணன் இறந்துபோனான்’ என்ற வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ‘தூர தேசம் போனான் என்று மாற்றலாமா?’ என்று கேட்டிருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம்.

தூர தேசம் போனவன் ஒரு கடிதமாவது போட மாட்டானா? பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டுமா? ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிவது இரண்டு பட்டம் வாங்கியவருக்குப் புரியவில்லை.

தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து, “என்னக்கா, இன்னிக்கு யாரோட சண்டை?” என்றான். எழுபத்தொரு வயதாகியும் வாய் அடங்கவில்லை.

மார்ச் 6
மாற்ற மாட்டேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன். கதையில் வருவது எங்கள் அண்ணன். பதின்மூன்று வயதில் காய்ச்சலில் போனான். எனக்குப் பத்து, தம்பிக்கு ஏழு. யாரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவன் பேச்சை யாரும் எடுத்ததுமில்லை, நானும் தம்பியும்கூட.

மார்ச் 10
“பிள்ளைங்களுக்கே படிச்சுக் காட்டுவோம்மா, அப்புறம் பேசலாம்” என்கிறார் பதிப்பாசிரியர். நாளை ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்பு. நானா அவரா, பார்த்துவிடுவோம்.

மார்ச் 11
படித்தேன். ஒருவரும் பயப்படவில்லை. அண்ணன் இறக்கும் பக்கம் முடிந்ததும் முன் பெஞ்சில் ஒரு சிறுமி கை தூக்கினாள்.

“அவன் சைக்கிள் இனிமே யாருக்கு?”

வகுப்பே சிரித்தது. “அப்படியெல்லாம் கேக்கக் கூடாது” என்று ஆசிரியை அதட்டினார். சிறுமி உட்காரவில்லை.

“எங்க அக்கா செத்தப்புறம் அவ மேசை எனக்குக் கிடைச்சுது. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. கதையில வர்ற தங்கச்சிக்கும் இருந்துச்சா?”

சிரிப்பு நின்றது. பதிப்பாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தாள்களை மூடிவைத்தேன்.

எட்டு வயது! முன்பல் இரண்டும் இன்னும் முழுதாக முளைக்கவில்லை. நான் அறுபத்து நான்கு வருஷமாகப் பூட்டி வைத்திருப்பதை அவள் எப்படித் திறந்தாள்?

மார்ச் 12
எழுதிவிடுகிறேன். அண்ணன் போன மறுவாரம் அப்பா அவன் சைக்கிளை, சீட்டை இறக்கிவைத்து, எனக்குத் தந்தார். தெருக்கோடிவரை ஓட்டினேன். சந்தோஷமா இருந்துச்சு. ஐயோ, அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு! அவன் இல்லாததால்தானே கிடைத்தது?

கதையிலோ தங்கை அழுதுகொண்டே இருக்கிறாள். பொய் கூடாது என்று மல்லுக்கு நின்றவள் எழுதியது பச்சைப் பொய்.

மார்ச் 19
சைக்கிள் அத்தியாயம் முடிந்தது. பள்ளிக்கே கொண்டுபோய்ச் சிறுமியிடம் கொடுத்தேன். விரலை வைத்து இரண்டு முறை படித்தாள். “அவளுக்கும் இருந்துச்சு மிஸ்!” என்றாள் ஆசிரியையிடம், ஏதோ வழக்கில் ஜெயித்ததுபோல. பிறகு என்னிடம் மெதுவாக, “அழுதுட்டே ஓட்டலாம்ல?”

ஓட்டலாம், கண்ணு. நான் ஓட்டியிருக்கிறேன்.

இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மார்ச் 20
பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். “ரெண்டுமே இருக்கட்டும்மா. சாவும் இருக்கட்டும், சைக்கிளும் இருக்கட்டும்.” ஜெயித்துவிட்டேன். ஆனால் அச்சில் வந்தால் தம்பி படிப்பானே. என்னைப் பற்றி என்ன நினைப்பான்? யாருக்கும் பயப்படாதவள், தாள்களை அலமாரிக்குள் ஒளித்து வைத்தேன்.

மார்ச் 27
சைக்கிள் அத்தியாயத்தைத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.

மார்ச் 30, ஞாயிறு
மூன்று நாள் கழித்து இன்று காலை இறங்கி வந்தான். தாள்களை மேசைமேல் போட்டான்.

“அந்த சைக்கிள் எனக்குத்தான் வரும்னு இருந்தேன். நீ தூக்கிட்டுப் போயிட்ட.”

“உனக்குக் கால்கூட எட்டாதேடா!”

“எட்டாட்டி என்ன? அவன் போன அன்னிக்கே நினைச்சேன். அன்னிக்கேக்கா.” தாள்களைத் திரும்ப எடுத்து அடுக்கினான். “நான் மட்டும்தான் அப்படி நினைச்சேன்னு இத்தனை வருஷம்...”

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவனே முதலில் அண்ணன் பெயரைச் சொன்னான். நானும் சொன்னேன். சாயங்காலம்வரை அண்ணனைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தோம்.