மாம்பழ மஞ்சள் எனக்கு வேண்டாம், அக்கா

படத்துக்குள் இருந்துகொண்டே இந்த வீட்டை ஆளுகிற என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். உனக்கென்ன குறை? தினமும் முதல் பூ உனக்கு, மீதிதான் என் தலைக்கு. நீ போய் இரண்டு வருடம் கழித்து இவருக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் நான். உன்னை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் உன்னைப்போல் யாரும் என்னை இத்தனை வருடம் படுத்தியதில்லை.

ஒரு செய்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் ஐயம்பேட்டையிலிருந்து உன் தம்பி வந்தார். உங்கள் அப்பாவின் மனையை விற்றார்களாம். உன் மகளுக்குச் சேரவேண்டியதைத் தனியாகச் செய்துவிட்டதாகச் சொன்னார். கிளம்புகிற நேரத்தில் ஒரு கவரை என் கையில் வைத்தார். "அக்கா இருந்திருந்தா அதுக்குக் குடுத்திருப்பேன். இப்ப நீதானேமா எங்க வூட்டுப் பொண்ணு. உன் இஷ்டத்துக்குச் செலவு பண்ணிக்கோ" என்றார். பிரித்தால், ஒரு லட்சம்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணம்கூட உன் பேரைச் சொல்லித்தான் எனக்கு வருகிறது.

இவர் உடனே பேங்க்கில் போடச் சொன்னார். பாப்பா கல்யாணம் பக்கத்தில் வந்துவிட்டது, தங்கம் விற்கிற விலைக்கு ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது என்றார். பாப்பா நீ பெற்றவள்தான். ஆனால் மூன்று வயதிலிருந்து அவள் அம்மா என்று கூப்பிடுவது என்னை. அந்த ஒன்றில் மட்டும் உன்னை ஜெயித்துவிட்டேன். இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். எனக்கென்று ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

எனக்கென்று என்றால் எதை? வருடா வருடம் ஆடியில் உனக்குப் படையல் போடுகிறோம். சுமங்கலியாகப் போனவள் நீ, இந்த வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரி. உனக்கென்று புதுப்புடவை எடுத்து, படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டு, மறுநாள் அதை நான் கட்டிக்கொள்ள வேண்டும். எப்போதும் உனக்குப் பிடித்த அதே மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். "அக்காவே வந்து நிக்கிற மாதிரி இருக்குது" என்று சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைப்பார்கள். நான் எங்கே போனேன் என்று ஒருவரும் தேடுவதில்லை.

இன்னொன்றும் எனக்கு ஆறவில்லை. உன் முகூர்த்தப் புடவையை இவர் தன் கையாலேயே நெய்தார். எனக்குக் கடையில் எடுத்தார்கள். நெசவாளியைக் கட்டிக்கொண்டவளுக்குக் கடைப்புடவை! முதலாளி கொடுக்கிற பட்டையும் ஜரிகையையும் கூலிக்கு நெய்கிறவர், நமக்கென்று நெய்யவேண்டும் என்றால் கையில் முதல் வேண்டும். இப்போது முதல் என்னிடம் இருக்கிறது. எனக்கு ஒரு புடவை நெய்து கொடுங்கள் என்று கேட்டேவிட்டேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். தறியில் பாவு நூல் ஏற்றினால் ஒன்றோடு நிற்காது, ஒரே நிறத்தில் மூன்று புடவை வரும். ஒன்றை நீ கட்டிக்கொள், மற்ற இரண்டையும் விற்றால் போட்ட பணம் முக்கால்வாசி திரும்பிவிடும், அதை பேங்க்கில் போடலாம் என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதே வாயால், "மாம்பழக் கலர்ல சாயம் சொல்லிடட்டா?" என்றும் கேட்டார்.

நறுக்கிக்கொண்டிருந்த கத்திரிக்காயை அப்படியே போட்டேன்.

"எனக்கு என்னா கலர் புடிக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

தலையைச் சொறிந்தார். "தெரிலமா. நீயே சொல்லேன்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை, அக்கா. பதினெட்டு வருடமாக உன் நிறத்தைத் திட்டிக்கொண்டே கட்டியவளுக்குத் தன் நிறம் எதுவென்று தெரியவில்லை. அழுதுவிட்டேன். செத்தவளுக்கு எது பிடிக்கும் என்று ஊருக்கே தெரிகிறது. உயிரோடு இருக்கிறவளுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

மறுநாள் சாயப் பட்டறைக்கு நானும் கூடவே போனேன். கொடியில் காய்ந்த பட்டுநூலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கிளிப்பச்சை எனக்கு ஆகவில்லை. நீலம் நன்றாகத்தான் இருந்தது, மனசு ஒட்டவில்லை. சாயக்காரர் சலித்துக்கொண்டார். கடைசியில் ஒரு மூலையில் வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு நூல் சிட்டம் தொங்கியது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"இது படையலுக்கு எடுப்பா இருக்காதேமா" என்றார் இவர்.

"படையலுக்கு இல்ல. எனக்கு" என்றேன்.

இன்று காலை பாவு ஏற்றியாயிற்று. முதல் புடவை என்னுடையது. யார் முன்னாலும் வைத்து எடுக்காமல், தறியிலிருந்து அறுத்த கையோடு கட்டிக்கொள்ளப் போகிறேன். இரண்டாவதை விற்று பாப்பா பேரில் போடுவோம். மூன்றாவதையும் விற்கவேண்டும் என்கிறார் இவர், நான் விடுவதாக இல்லை. ஆடிப் படையலில் அது உனக்கு. இது சத்தியம். இந்த வருடம் உனக்கு மஞ்சள் கிடையாது. எனக்குப் பிடித்ததை ஒருமுறை நீ கட்டிக்கொண்டு நில், அக்கா. எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
நீ ஒருநாளும் பார்த்திராத உன் தங்கை