மழைக்குக் காத்திருந்த தொட்டி

3 ஆகஸ்ட் 1989
குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. வேலாத்தாள்தான் பாலோடு தன் கிணற்றுத் தண்ணீரும் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் சாயப்பட்டறைக்குக் கீழே, ஓடையை ஒட்டி அவள் தோட்டம். அந்தக் கிணறு இல்லாவிட்டால் வீரபாண்டியில் எங்கள் வீதிக்கே குடிக்க வழியில்லை.

ஆடிப்பெருக்குக்கு நொய்யலுக்குப் போன பக்கத்து வீட்டுப் பெண்கள், முளைப்பாரியை மணலில் வைத்து, கொண்டுபோன சொம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு வந்தார்களாம். ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற காலம்!

“ஆறு பொறக்கற மலையில முன்ன மாதிரி மழை இல்லீங்க அம்மிணி. பேஞ்சாலும் ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிருது” என்றாள் வேலாத்தாள்.

20 ஆகஸ்ட்
ரேடியோவில் யாரோ பேசினார்கள். உலகமே சூடாகிக்கொண்டு வருகிறதாம், மழைக்காலம் தாறுமாறாகுமாம். என் வீட்டுக்காரர் ஜமாலுக்கு ஒரே குஷி. “கேட்டியா நசீமா? ஆறு வத்துனதுக்கு எல்லாரும் பட்டறைக்காரனத்தானே திட்டுறாங்க. இப்பப் பாரு, உலகமே சூடாகுது.”

சரி, வானம் கொடுப்பது குறைந்துவிட்டது. குறைந்ததையும் பட்டறைக்காகப் போர்வெல் போட்டு உறிஞ்சுவது யார்? அதுவும் வானமா? கேட்கவில்லை. இங்கே எழுதியாவது வைக்கிறேன்.

17 செப்டம்பர்
மைதானத்தில் மழைத் தொழுகை. பெண்கள் நாங்கள் பின்னால், துணி மறைப்புக்குள். ஆண்கள் துண்டைப் புரட்டிப் போட்டு, புறங்கை வானத்தைப் பார்க்கக் கையேந்தினார்கள். மறைப்பு இடுக்கில் பார்த்தேன் – என் வீட்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார். தாடியெல்லாம் ஈரம். எனக்கு மனசு இளகிவிட்டது. பாவம், இவருக்குள்ளும் இவ்வளவு தவிப்பா?

12 அக்டோபர்
மழை! மத்தியானம் பிடித்தது, அடித்து ஊற்றியது. வீதியே வாசலுக்கு வந்து நனைந்தது. பட்டறை மேஸ்திரி கன்னையன் சொட்டச் சொட்ட ஓடிவந்தான்.

“மொதலாளி, ஓடையில வெள்ளமுங்க. தொறந்துரலாமுங்களா?”

“தொற, தொற! மழை நின்னுரப்போகுது.”

எதைத் திறப்பது என்று கேட்டேன். பட்டறைக்குப் பின்னாலிருக்கும் தொட்டியையாம். மாசக்கணக்கில் சேர்ந்த சாயத்தண்ணீர். வெயில் காலத்தில் விட்டால் நிறம் தெரியும், கீழே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வெள்ளத்தோடு விட்டால் யார் கண்ணிலும் படாது. “எல்லாப் பட்டறையிலயும் இப்படித்தான். மழை கழுவிட்டுப் போயிரும்” என்கிறார், வாசல் கழுவுவதைச் சொல்வது போல.

இதுக்கா அழுதீங்க? இதுக்கா கையேந்துனீங்க? அந்த அழுகைக்கு நானும் ஆமீன் சொன்னேனே!

14 அக்டோபர்
வேலாத்தாள் பால் இல்லாமல் வந்தாள். ஓடை கரை மீறிக் கிணற்றுக்குள் பாய்ந்துவிட்டது. வருஷம் பூராவும் அடியில் கிடந்த கிணறு இப்போது மேல்வரை நிற்கிறது – ரோஸ் நிறத்தில். மாடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டனவாம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவரிடம் சொன்னேன். “மோட்டார் வெச்சு எறைச்சு விட்டாத் தெளிஞ்சிரும்” என்று பேப்பரைப் புரட்டினார்.

2 நவம்பர்
இறைத்து இறைத்து இப்போதுதான் வேலாத்தாளுக்கு ஊற்று தெளிந்திருக்கிறது. ஓடைக் கரையையும் மண் போட்டு ஒசத்தியிருக்கிறாள். ஆனால் தொட்டி மறுபடி நிறைகிறது. அடுத்த வெள்ளத்தோடு தொட்டியையும் சேர்த்து விட்டால் எந்தக் கரை தாங்கும்?

“அம்மிணி, உங்க சாமிகிட்ட மழை வேண்டாம்னு கேளுங்க. நானும் எங்க மாரியாத்தாகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

வெள்ளாமை செய்கிறவள் வாயில் வருகிற பேச்சா இது? ஒரு தோட்டக்காரியை மழையைப் பார்த்து நடுங்க வைத்துவிட்டார்களே, பாவிகள்! அந்தப் பாவிகளில் ஒருவருக்குத்தான் நான் தினமும் சோறு போடுகிறேன்.

9 நவம்பர்
மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. கன்னையன் தொட்டிப் பக்கம் போய்விட்டான். அவர் செருப்பைத் தேடுகிறார்.

நானும் போகிறேன். தொட்டியைத் திறக்க மதகுப் பலகையைத் தூக்க வேண்டும்; அதன்மேல் உட்கார்ந்தால் என்னை யார் தொட்டுத் தூக்குவார்கள்? முதலாளி வீட்டுப் பெண்ணைத் தொட எந்த ஆளுக்கும் துணிச்சல் வராது. அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியைப் பிடித்து இழுக்க அவருக்கும் கை வராது. இத்தனை வருஷமும் இந்த மரியாதை என்னை வீட்டுக்குள் பூட்டித்தான் வைத்தது. இன்றைக்காவது ஒன்றுக்கு உதவட்டும்.

13 நவம்பர்
காய்ச்சல் இன்னும் விடவில்லை. அன்று மழை விடும்வரை மதகுப் பலகைமேல் குடையோடு உட்கார்ந்திருந்தேன், குடை பேருக்குத்தான். கிணறு தெளிவாக இருக்கிறதாம். வேலாத்தாள் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்து, “இப்படியா நனைவீங்க?” என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனாள்.

தொட்டி தளும்பி நிற்பதால் பட்டறை ஓடவில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை. போட்டதைச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்.

சாயங்காலம் கன்னையன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். “ஏனுங்க, அடுத்த மழைக்கும் அம்மா வருவாங்களா?”

“அவளுக்குக் காய்ச்சல். வரமாட்டா” என்று அவர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

“வருவேன்” என்றேன்.