துண்டுப் பிரசுரம் கிடைத்தவளுக்கு வெள்ளிதோறும் நான் போன் செய்வது குறித்து

அனுப்புநர்:
பேக்கரி நடத்துபவர்
(தங்கள் ஆய்வில் ‘தொலைபேசிக் குழு’),
பேருந்துப் பணிமனைக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தற்கொலைத் தடுப்புத் தேசியத் திட்டம் – ஆய்வுப் பிரிவு,
சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: ஆய்வில் பங்கேற்ற மற்றொருவருடன் நான் பேசக் கூடாது என்ற அறிவுரையை விலக்கக் கோருதல், கூடவே சில சந்தேகங்கள் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆய்வு அலுவலர் என் கடைக்கு நேரில் வந்து வாய்மொழியாகச் சொன்னது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு நான் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்து, அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒற்றைக் காரணம் இல்லை. பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. இப்போது நலமாக இருக்கிறேன், கடை நடக்கிறது. இதைத் தங்களிடம் பூசி மெழுகாமல் எழுத முடிவதற்கே தங்கள் ஆய்வுதான் காரணம் என்பதால், முதலில் என் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

2. என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பேருந்து நடத்துநர் இருந்தாள். என்னைவிட இளையவள். அவளும் என்னைப் போலவே வந்து சேர்ந்தவள்தான். நாங்கள் வீடு திரும்பும் நாளில், ஆய்வில் சேரச் சம்மதம் கேட்டுத் தங்கள் செவிலியர் வந்தார். இருவரும் சம்மதித்தோம். ஒட்டிய உறைகளை நீட்டி ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். என் உறையில் வாரம் ஒருமுறை தொலைபேசி அழைப்பு என்று இருந்தது. அவள் உறையில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, உனக்குப் பேச ஆளு, எனக்குப் படிக்கப் பேப்பர். நான் பள்ளிக்கூடத்துலயே படிக்காதவ” என்றாள். செவிலியரும் சிரித்துவிட்டார்.

3. எனக்கு வியாழன்தோறும் அழைப்பு வந்தது. அழைக்கும் அம்மையார் தம் பெயரைச் சொல்லக் கூடாதாம். எங்கள் வீட்டில் அவருக்கு ‘வியாழக்கிழமை அம்மா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தவர், முதல் அழைப்பிலேயே, “இந்த வாரம் செத்துப் போயிடலாம்னு நெனப்பு வந்துச்சுங்களா?” என்று சுற்றி வளைக்காமல் கேட்டார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் கணவருக்குக் கோபம் தலைக்கேறியது. “மறந்து கிடக்கிறவளுக்கு இவ எதுக்கு ஞாபகப்படுத்துறா? போனை வை!” என்றார். நான் வைக்கவில்லை. என் வீட்டில் ஒருவர்கூட அந்தச் சொல்லை வாயில் எடுக்காமல், என்னைச் சுற்றி நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தார்கள், ஐயா. கேட்ட ஒரே ஆள் அவர்தான். “வந்துச்சு” என்றேன். சொன்ன பிறகு நன்றாக அழுதேன், அதன் பின் பசித்தது. இப்படிக் கேட்டால் அந்த நினைப்பு அதிகமாகிவிடாதா என்று அவரிடமே விசாரித்தேன். “கேக்கறதால வராதுங்க. ஏற்கெனவே இருந்தா, சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான்” என்றார்.

4. எனக்கு எதையும் நோண்டிப் பார்க்கும் புத்தி உண்டு. வியாழக்கிழமை அம்மா பேசப் பேச, இந்தக் கேள்வியை நடத்துநர் தங்கச்சியிடம் யார் கேட்கிறார்கள் என்ற யோசனை என்னைக் குடைந்தது. அவள் அறையெடுத்துத் தனியாகத் தங்கியிருப்பவள். ஒரு வெள்ளிக்கிழமை, அவளுக்கு வார விடுமுறை என்பதால், போன் செய்தேன். எனக்குக் கேட்கப்பட்ட அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டேன். அவள், “என்னக்கா, பரீட்சை வைக்கிறியா?” என்று கேலி செய்தாள். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அடுத்த வெள்ளியும் செய்தேன், அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. இது ஆய்வைக் கெடுக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

5. மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அவள் வழக்கமான கேலி எதுவும் இல்லாமல், “ஆமாக்கா. இன்னைக்கு முடியல” என்றாள். நல்ல வேளையாக, அப்படிப் பதில் வந்தால் என்ன செய்வது என்று வியாழக்கிழமை அம்மாவின் வாயை முன்பே பிடுங்கி வைத்திருந்தேன். தனியாக விடாதே, புத்தி சொல்லாதே, மருத்துவரிடம் கூட்டிப் போ என்றிருந்தார். போனை வைக்காமலே அவள் அறைக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து, “வந்துட்டியா, அடுப்புல என்ன வச்சிட்டு வந்த?” என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அடுப்பே நினைவுக்கு வந்தது. இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்குப் போனோம், சேர்த்துக்கொண்டார்கள். இங்கே ரொட்டி மொத்தமும் கரியாகி, சந்து முழுக்கப் புகை கிளம்பி, தீப்பிடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்களாம். என் கணவர் அன்று முழுவதும் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

6. அதன் பின் தங்கள் அலுவலகத்தில் நடந்த நேர்காணலில், வேறு யாராவது உதவினார்களா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். அவள், “பேக்கரியக்கா வெள்ளிக்கிழமை தவறாம பேசும்” என்று சொல்லிவிட்டாள். அதையடுத்துத் தங்கள் ஆய்வு அலுவலர் என் கடைக்கு வந்தார். மரியாதையான பிள்ளை, தேநீரைக்கூட வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் குடித்தார். “நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்லக்கா. போன் பண்றது நெஜமாவே உதவுதான்னு தெரியாம, நாடு முழுக்க எப்படி ஆரம்பிக்கிறது? துண்டுப் பிரசுரக் குழுவுல நீங்க போன் பண்ணிட்டா, நாங்க எதை எதோட ஒப்பிடுறது?” என்றார். ஆய்வு முடியும் வரை அவளுக்குப் போன் செய்ய மாட்டேன் என்று எழுதித் தரும்படி கேட்டார்.

7. அவர் கேட்டது நியாயம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புது ஈஸ்ட் வந்தால் நானும் பாதி மாவில் மட்டும்தான் போட்டுப் பார்ப்பேன். மீதிப் பாதியில் யாராவது ஒரு கை தூவிவிட்டால் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் மாவு எந்தக் காலத்திலும் என்னை “அக்கா” என்று கூப்பிட்டதில்லை. நான் எழுதித் தரவில்லை. அவரும் வற்புறுத்தாமல், மேலிடத்தில் கேளுங்கள் என்று தங்கள் முகவரியைத் தந்தார்.

8. எனவே சில சந்தேகங்கள். அதிகம் படிக்காதவளின் மூக்கு நுழைப்பு என்று தள்ளிவிடாமல் பதில் தர வேண்டுகிறேன்.

(அ) என்னைத் தாங்கியது எது? கேட்கப்பட்ட கேள்வியா, கேட்ட குரலா, வியாழன் வரும் என்ற எதிர்பார்ப்பா? மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வழி உண்டா?

(ஆ) தாங்கள் வெளியிட்டுள்ள தேசியத் திட்ட வரைவை என் மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். மருத்துவர், ஆசிரியர், காவலர் எல்லோருக்கும் பயிற்சி என்று இருக்கிறது. மிக நல்லது. எங்களைப் போல் சாவு வரை போய்த் திரும்பியவர்கள் அதில் ‘பயனாளிகள்’ என்று மட்டுமே வருகிறோம். பயிற்சி கொடுத்தால் நாங்களும் மற்றவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்போமே, அதை யாரும் ஏன் யோசிக்கவில்லை?

(இ) வெள்ளிக்கிழமைகளில் அவளிடம் கேட்கத் தொடங்கிய பிறகு எனக்கே தூக்கம் நன்றாக வருகிறது. இது தற்செயலா? கேட்கப்படுபவருக்குப் பலன் உண்டா என்று பார்க்கிறீர்கள். கேட்பவருக்கும் உண்டா என்று பார்த்தீர்களா?

(ஈ) ஆய்வின் முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா, அல்லது அறிஞர்கள் மட்டும்தான் படிக்க வேண்டுமா?

9. ஆகையால் எங்கள் இருவரையும் தங்கள் ஒப்பீட்டிலிருந்து விலக்கிக்கொள்ளவோ, தனிக் கணக்காக வைத்துக்கொள்ளவோ தங்களுக்கு முழு உரிமை உண்டு. எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. நான் கேட்பது, பேசக் கூடாது என்ற அறிவுரையை நீக்குங்கள், எனக்கு முறையான பயிற்சி தாருங்கள் என்பதுதான். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஒரு தவறான வார்த்தை சொல்லிவிடுவேனோ என்று ஒவ்வொரு வாரமும் போனை எடுக்கும் முன் கேள்விகளை எனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். துண்டுப் பிரசுரம் மட்டும் கிடைத்த மற்றவர்களுக்கும் ஆய்வு முடிந்த கையோடு அழைப்பு கிடைக்க ஏற்பாடு செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. தங்கள் பதில் அதற்குள் வர வாய்ப்பில்லை என்பதால், நாளை நான் அவளை அழைப்பேன் என்பதைத் தங்கள் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன். இதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆய்வு முடிவு அடுத்த ஆண்டு வெளிவரும் என்று அலுவலர் சொன்னார். அதை நேரில் வந்து வாங்கிப் படிக்க, நானும் அவளும் இருவருமே இருப்பதாக உத்தேசித்திருக்கிறோம்.

இங்ஙனம்,
(ஒப்பம்)
பேக்கரி நடத்துபவர்

இடம்: பணிமனை எதிர்ச் சந்து
நாள்: வியாழக்கிழமை, அழைப்பு வந்து பேசி முடித்த பின்