பாடியது யார்?

மார்ச் 13, வெள்ளி

இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தையல் கடையில் ஜாக்கெட் வாங்க வேண்டும். மாலை ஒத்திகை.

நாளை இண்டூரில் மாரியம்மன் பண்டிகை. கச்சேரி என்றுதான் எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். இன்று மணி அண்ணன் (கீபோர்டு, குழுவும் அவருடையது) மாற்றிச் சொல்கிறார். பட்டிமன்றமாம். பழைய இசையமைப்பாளர் பெரியவரா, அவருக்குப் பின் வந்தவரா. இரண்டு அணிக்கும் நடுநடுவே நான் பாட வேண்டும்.

வீட்டுக்காரர் கேட்டார்: "நீ எந்தக் கட்சி?"

"சோறு வடிக்கிற கட்சி."

மார்ச் 15, ஞாயிறு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நேற்று நல்ல கூட்டம். பழையவர் அணியில் ஒரு வாத்தியார். தாலாட்டு ஒன்றைப் பாடச் சொன்னார். பாடினேன். உச்சத்தில் மூச்சை அடக்கிப் பிடித்தேன். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். வாத்தியார் உடனே மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா? இந்த மெட்டுக்கு யாரு வாயசைச்சாலும் அழுகை வருங்க. அதான் எங்காளு!"

வாயசைத்தாலும்!

எதிரணிக்காரர் அதற்கும் மேல். "எங்காளு பாட்டுக்குக் கொரலே வேண்டாங்க. தாளமே போதும்." விசில், கைதட்டல்.

இருவரும் மேதைகள்தான். யார் இல்லை என்றது? அந்தப் பாட்டுகளை முதலில் பாடியவள் ஒருத்தி இருக்கிறாளே. அவள் பேரை ஒரு வாய் சொல்லவில்லை.

அடுத்த பாட்டைப் பல்லவியோடு நிறுத்தினேன். கீபோர்டு கொஞ்ச தூரம் தனியாக ஓடி நின்றது.

"இதப் பாடினது யாருன்னு சொல்லுங்க. மீதியப் பாடறேன்."

வாத்தியார் நடுவரைப் பார்த்தார். நடுவர் சிரித்தார். "ஏம்மா, பாட வந்தா பாடுங்க. கேள்வியெல்லாம் நாங்க கேட்டுக்கறோம்."

கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் அந்தப் பேரைச் சொன்னது. முன்வரிசை அம்மாதான். அவருக்காக முழுதும் பாடினேன்.

தீர்ப்பு: இருவரும் பெரியவர்கள். பேச்சாளர்களுக்குப் பொன்னாடை. எனக்குக் கேசரி, ஆறிப்போனது.

வண்டியில் வரும்போது வீட்டுக்காரர்: "உனக்கெதுக்கு இந்த வம்பு?"

மார்ச் 17, செவ்வாய்

கரண்ட் இல்லை. துணி ஊறுகிறது.

மணி அண்ணன் போன். "பாலக்கோட்டுக் கல்யாணத்துக்கு வேற பொண்ணப் பேசிட்டேன். கோவிச்சுக்காதம்மா. எனக்கும் கச்சேரிக்குக் கூப்பிட நாலு பேரு வேணுமில்ல."

"சரிங்ணா. அந்தப் பொண்ணு பேரு என்ன?"

யோசித்தார்.

"பேரு... சேலத்துப் பொண்ணும்மா. நல்லாப் பாடும்."